பங்குக் கெணத்துக்கு முறை இருந்துச்சு, ஆழ்துளைப் போருக்கு மட்டும் ஏன் இல்ல? எங்க ஊரு தோட்டத்துக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஊர்ல போர் வெச்சிருக்கற பெரியப்பா, மாமா, மச்சான், பங்காளிக அத்தன பேருக்கும், அப்பறம் இந்த வைகாசிக்குள்ள எப்படியும் ஒரு போர் போட்டே ஆகணும்னு நகையக் கொண்டுபோய் பேங்க்ல வெச்சுட்டு வந்திருக்கறவங்களுக்கும்,

வணக்கமுங்க. புதுப் போர் வேண்டாம்னு நேர்ல பேசுனா சண்டையாகிப் போகுது, போன வாரம் டீக்கடையில மாமாவோட ஆச்சே அந்த மாதிரி, அதனாலதான் எழுதறேன். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறவன், தோட்டமும் நாலு ஏக்கர் இருக்குது. உங்க மோட்டார் எரிஞ்சாத்தான் எனக்குச் சோறு, போர் போட்டா அதுக்குப் புது மோட்டார் எறக்கறதும் நான்தான். அதனால போர் போடாதீங்கன்னு நான் சொல்றதுல எனக்கு நட்டந்தான், லாபம் ஒண்ணும் இல்ல, இத மொதல்லயே சொல்லிடறேன்.

செவ்வாக்கெழம ராத்திரி ஒரு தோட்டத்துக்குப் போர் போடற ரிக் வண்டி வந்து நின்னப்ப ஊரே முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. திருச்செங்கோட்டு வண்டி, விடிய விடிய ஓட்டுனாங்க. 1,150 அடி. 300 அடி தாண்டுனதும் கல்லுத் தூளும் பொகையும்தான், 900த்துக்குக் கீழ கொஞ்சம் ஈரம் தட்டுச்சு, கடைசியில ஒண்ணேகால் இஞ்சு தண்ணின்னு சொல்லி எல்லாரும் கற்பூரம் காட்டிட்டு வந்தோம், நானும் கும்புட்டேன். ஆனா மூணாம் நாளே அந்தத் தோட்டத்துக்குக் கீழ்ப் பக்கம், கீழவடத்துல இருக்கற ரெண்டு போர்ல மோட்டார் தண்ணி இல்லாம காத்து இழுக்க ஆரம்பிச்சுதே, அத யாரும் பேச மாட்டேங்கறாங்க. "அவனுக்கு நேரஞ் சரியில்ல"ன்னு சொல்றோம். நேரம் இல்லீங்க. அது பக்கத்துப் போரு.

நொய்யல் ஆத்துல மணல் இருந்த காலத்துல ஊத்துத் தோண்டி தண்ணி எடுத்தது இங்க நாப்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கையால ஒரு முழம் பறிச்சா கலங்கல் தண்ணி ஊறும், கொட்டாங்குச்சியில மோந்து மோந்து கொடத்த நெறைக்கணும், வேகமா மோந்தா குழி காஞ்சு போகும், கொஞ்சம் நேரம் உக்காந்து கதை பேசுனா மறுபடி ஊறும். ரெண்டு பொம்பளைங்க பக்கத்துல பக்கத்துல பறிச்சா, யாரு ஆழமாப் பறிக்கறாங்களோ அவங்க குழிக்குத்தான் தண்ணி போகும், இன்னொருத்தி குழி வத்தும், அங்கயே சண்டை வரும். போர்ல நடக்கறதும் இதேதான். மோட்டார் போட்டதும் போரச் சுத்தி நீர்மட்டம் புனல் மாதிரி உள்வாங்குது, போர்கிட்ட ஆழமா, தள்ளிப் போகப் போக கம்மியா. ஓட்ட ஓட்ட அந்தப் புனல் அகலமாகிக்கிட்டே போகும். நிறுத்துனா மெதுவா ஏறும். எம் புனலும் உங்க புனலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சுன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து எறங்கும். ஆத்து மணல்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, இங்க 800 அடிக்குக் கீழ நடக்கறதால யாரு கொடத்துல யாரு தண்ணின்னு தெரியறதில்ல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, மணல்ல புனல் வட்டமா விரியும், நம்மது பாறை. பாறையில தண்ணி வெடிப்பு வழியாத்தான் போகும், அதனால புனலும் அந்த வெடிப்பு போற திக்குலதான் நீளும். 100 அடி தள்ளி வேற வெடிப்புல இருக்கற போருக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம், 1,000 அடி தள்ளி ஒரே வெடிப்புல இருக்கற போரு காஞ்சு போகலாம். நீரோட்டம் பாக்கறதுக்குத் தேங்காய வெச்சுப் பாக்கறவரு, வேப்பங்குச்சி புடிக்கறவரு அத்தன பேருகிட்டயும் காசு குடுத்திருக்கோமே, ஒருத்தராவது "இந்த எடத்துல போட்டா உங்க மாமன் தோட்டத்துப் போரு நிக்கும்"னு சொல்லியிருக்காங்களா?

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. ஆழமாப் போனா புதுசா ஒரு தொட்டி இருக்குதுன்னு நாம எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கோம். "மேல் தண்ணி உங்களுது, நான் அடித் தண்ணிதான் எடுக்கறேன், எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு டீக்கடையில மாமா சொன்னாரே, அத நானும் ரொம்ப வருசம் நம்புனவன்தான். கேசிங் பைப் எத்தன அடி போடறோம்? மண்ணு சரியாம இருக்க 40 அடி, 60 அடி, அதுக்குக் கீழ வெறும் ஓட்டைதானுங்களே. 150 அடியில ஒரு வெடிப்பு, 300ல ஒண்ணு, 700ல ஒண்ணுன்னு அத்தனையும் அந்த ஓட்டையில வந்து தொறந்துக்கிட்டு நிக்குது. மோட்டார் 1,000 அடியில உக்காந்து உறிஞ்சும்போது மேல் வெடிப்புல இருக்கற தண்ணி எல்லாம் ஓட்டைக்குள்ள அருவி மாதிரி கொட்டும். நம்பலீன்னா மோட்டார நிறுத்திட்டு மூடியத் தொறந்து காத வெச்சுக் கேளுங்க, சலசலன்னு சத்தம் வரும். ஏ நம்ம போர்ல ஊத்து நல்லா இருக்குதுன்னு சந்தோசப்படுவோம் அந்தச் சத்தத்துக்கு. அது பக்கத்துக் கெணத்து ஊத்து. மேல இருக்கற பொதுத் தொட்டிக்கு அடியில நாம போட்ட ஓட்டைதான் அந்த ஆழ்துளை.

இத எங்க படிச்சேன்னு கேக்காதீங்க, பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன், பண்ணியும் தொலைச்சேன். 2014ல நான் 850 அடி போட்டேன். எங்க சித்தப்பா தோட்டத்துல 90 அடி வெட்டுக் கெணறு, எங்க அப்பாரு காலத்துல மருந்து வெச்சு ஒடச்சது, அதுவரைக்கும் சித்திரையில கூட ஒரு மணி நேரம் ஓடும். நான் போர் போட்ட மறு வருசம் அது நின்னுச்சு. மழை இல்லன்னு சொல்லிக்கிட்டேன், அந்த வருசம் மழையும் பேஞ்சுது. சித்தப்பா ஒரு வார்த்த சொல்லல. அப்பறம் அவரு கெணத்துக்குள்ள பக்கவாட்டுல தொளைக்கற சைடு போர் போட்டாரு, பிரயோஜனம் இல்ல, அப்பறம் அவரும் 1,000 அடி போட்டாரு, என்னுது நின்னுச்சு, நான் இன்னும் பைப் எறக்குனேன். ரெண்டு பேரும் சேர்ந்து செலவு பண்ணுன காசுல சித்தப்பா பொண்ணு கல்யாணத்தயே முடிச்சிருக்கலாம். கெடச்ச தண்ணி முன்ன அந்தக் கெணறு குடுத்தத விடக் கம்மி.

பட்டறையில ஒரு நோட்டுல எழுதி வெக்கற பழக்கம் எனக்கு. 2002ல கடை போட்டப்ப வந்ததுல பெரும்பாலும் 5 எச்பி மோனோபிளாக், கெணத்து மேட்டுல உக்காந்திருக்கறது. அப்பறம் போருக்குள்ள தண்ணியில முழுகிக் கெடக்கற 7.5 சப்மெர்சிபிள், இப்ப 12.5, 15, போன மாசம் ஒருத்தரு 20 கேட்டாரு. எச்பி நாலு மடங்கு ஏறியிருக்குது, ஆனா வாய்க்கால்ல பாயற தண்ணி பாதிகூட இல்ல. 80 அடியில இருந்து தூக்கற தண்ணிய 800 அடியில இருந்து தூக்குனா பத்து மடங்கு கரண்ட், காசு நாம கட்டாததால தெரியறதில்ல.

இருங்க, உடனே கோவிச்சுக்காதீங்க, மீட்டர் வெக்கச் சொல்ல வரல. 1970ல ஒத்தப் பைசா கரண்டு கட்டணத்துக்காகப் பெருமாநல்லூர்ல மூணு விவசாயி துப்பாக்கிச் சூட்டுல செத்த மண்ணு இது, விவசாய சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு பின்னாடி எங்கய்யனும் மாட்டு வண்டி கட்டிட்டுப் போனவருதான். 1990ல இலவச மின்சாரம் வந்தது சும்மா வந்ததில்ல. நான் கேக்கறது வேற. த்ரீபேஸ் கரண்ட் வந்த நிமிசமே ஆட்டோ ஸ்டார்ட்டர்ல ஊர்ல இருக்கற அத்தன மோட்டாரும் ஒரே நேரத்துல எந்திரிக்குதே, தேவையோ இல்லையோ, ஆளு தோட்டத்துல இருக்கறாரோ கல்யாணத்துக்குப் போயிட்டாரோ, அத்தன புனலும் ஒரே நேரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. தண்ணி ஊறி வர்றதுக்கு நேரமே இல்ல. காத்து இழுத்து மோட்டார் எரியுது. எங்கிட்ட வருது. நான் பில்லு போடறேன்.

கணக்குச் சொல்றேன், தோராயந்தான், ஆனா கேளுங்க. அரசாங்கத்துல நிலத்தடி நீர் கணக்குப் போடறப்ப, மேல இருக்கற சிதஞ்ச பாறையில நூத்துக்கு ஒண்ணரையில இருந்து மூணு பங்குதான் எடுக்கக்கூடிய தண்ணின்னு வெச்சுக்கறாங்க. ரெண்டுன்னே வெச்சுக்கலாம். ஒரு ஏக்கர் பரப்பு, ஒரு அடி கனம் பாறையில அப்ப எவ்வளவு இருக்கும்? சுமார் 25,000 லிட்டர், ரெண்டு டேங்கர் லாரி. கீழ கரும்பாறைக்குப் போனா நூத்துக்கு 0.3 தான், அதே ஏக்கர், அதே ஒரு அடிக்கு 3,700 லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் ஊத்தற போர ஆறு மணி நேரம் ஓட்டுனா 60,000 லிட்டர். மேல் பாறையா இருந்தா அது ரெண்டரை ஏக்கருக்கு ஒரு அடி மட்டம் எறங்கறதுக்குச் சமம். அடிப்பாறையா இருந்தா பதினாறு ஏக்கருக்கு ஒரு அடி! ஒரே நாளுக்கு, ஒரே போருக்கு. ஆழத்துல தண்ணி வேகமா எறங்கறது இதனாலதான், அங்க இருக்கறதே அவ்வளவுதான்.

சரி, மழையில எவ்வளவு உள்ள போகுது? நம்ம பக்கம் வருசத்துக்கு 600 மில்லி சுமாரா பேயுது, நம்ம மாதிரி பாறை மண்ணுல அதுல நூத்துக்கு 11 பங்கு எறங்கும்னு கணக்கு. ஏக்கருக்கு ரெண்டே முக்கால் லட்சம் லிட்டர் கூட வராது. மேல சொன்ன போரு அத நாலரை நாள்ல எடுத்துடும். தென்னைக்குப் பாருங்க, ஏக்கருக்கு 70 மரம், சொட்டு நீர்லயே மரத்துக்கு 80 லிட்டர், வருசத்துல 200 நாள் விட்டா 11 லட்சம் லிட்டருக்கு மேல வருது. ஒரு ஏக்கர் தென்னை நாலு ஏக்கரோட மழையக் குடிக்குது. மீதி மூணு ஏக்கர் யாருது? நாம எல்லாருமே தென்னை வெச்சிருக்கோமே, அப்ப அந்த மூணு ஏக்கரு வானத்துலயா இருக்குது? 2016ல ஐப்பசி மழை பொய்ச்சு 2017ல மரம் மரமா மட்டை தொங்கி நின்னப்ப இந்தக் கணக்குத்தான் நம்ம தோட்டத்துல நின்னுச்சு, நமக்குப் படிக்கத் தெரியல.

இது நம்ம ஊரு கதை மட்டும் இல்ல. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல 1,166 குறுவட்டத்துல (பல ஊரு சேர்ந்த வருவாய்ப் பகுதி) 435ல, மழை குடுக்கறத விட நாம எடுக்கறது அதிகம்.

இப்ப அத்திக்கடவு, பவானி ஆத்துத் தண்ணிய நம்ம பக்கத்துக் குளங்களுக்குக் கொண்டு வர்ற திட்டம். அறுபது வருசம் கேட்டோம், உண்ணாவிரதம் இருந்தோம், ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குறுதி வாங்குனோம், 2024 ஆகஸ்ட்ல ஒரு வழியா தொறந்தாங்க. குளத்துக்குத் தண்ணி வந்த அன்னைக்கு நானும் அழுதேன், எங்கம்மா பூப் போட்டாங்க. குளத்துக்குப் பக்கத்துல இருக்கற வெட்டுக் கெணத்துல நான் கயிறு விட்டு அளந்துட்டு வர்றேன், ஆறு மாசத்துல 14 அடி ஏறுச்சு. உடனே என்ன பண்ணுனோம்? குளத்தச் சுத்தி அஞ்சு போர் போட்டோம். ஒருத்தரு கோழிப்பண்ணைக்கு, ஒருத்தரு டேங்கர்ல பனியன் கம்பெனிக்கு அடிக்கறதுக்கு. 14 அடி இப்ப 6 அடியா நிக்குது.

அந்தத் திட்டத்துல ஆண்டுக்கு 1.5 டிஎம்சி, அதாவது சுமார் 4,250 கோடி லிட்டர், 1,045 குளம் குட்டைக்கு. வகுத்துப் பாருங்க, சராசரியா ஒரு குளத்துக்கு நாலு கோடி லிட்டர். ஆவியாகறத விட்டுடலாம். நம்ம ஊர்ல நூறு போர் தெனம் 60,000 லிட்டர் எடுக்குதுன்னா ஒரு நாளைக்கு 60 லட்சம் லிட்டர். நாலு கோடி எத்தன நாளைக்கு வரும்? ஏழு நாள் முழுசா வராது. அறுபது வருசப் போராட்டத்த நாம ஒரு வாரத்துல குடிச்சு முடிக்கலாம். எல்லாக் குளமும் ஒரே அளவு இல்ல, எல்லா போரும் அவ்வளவு ஊத்தறதும் இல்ல, பாதின்னே வெச்சுக்கங்க, ரெண்டு வாரம்.

1940ல அமெரிக்காவுல தைஸ்னு ஒருத்தரு இதப் பத்தி எழுதியிருக்காரு, எம் மகன் காலேஜ் புஸ்தகத்துல காட்டுனான். கெணத்துல இருந்து எடுக்கற தண்ணி சும்மா வராது, ஒண்ணு சேந்து கெடந்த இருப்புல இருந்து கழியும், இல்லன்னா ஆத்துக்கோ ஊத்துக்கோ போகவேண்டியது இங்க திரும்பும், இல்லன்னா மேல இருந்து கூடுதலா உள்ள எறங்கணும், நாலாவது வழி கெடையாது. இதப் படிச்சப்ப எனக்கு நொய்யல்தான் ஞாபகம் வந்துச்சு. மழை நின்னு நாலு மாசம் கழிச்சும் ஆத்துல கணுக்கால் தண்ணி ஓடும்னு அப்பாரு சொல்லுவாரு, அது நம்ம கெணத்து மட்டம் ஆத்த விட ஒசரமா இருந்த காலம், பாறைக்குள்ள இருந்து கசிஞ்சு ஆத்துக்குப் போச்சு. இப்ப ஆத்துல விட்ட தண்ணி நம்ம பக்கம் எறங்குது. சாயப்பட்டறைத் தண்ணி ஆத்துல ஓடுன வருசங்கள்ல அதுவும் அப்படித்தான் கரையோரக் கெணத்துக்குள்ள எறங்குச்சு.

சட்டம் கேப்போம்னு சொல்லாதீங்க. 1882 ஈஸ்மென்ட் சட்டத்துல (வசதியுரிமைச் சட்டம்) இருந்தே நெலம் யாருதோ கீழ இருக்கற தண்ணியும் அவங்களுது, எடுக்க உரிமை உண்டு. 2003ல இங்க நிலத்தடி நீர்ச் சட்டம் ஒண்ணு போட்டாங்க, ஒழுங்கா அமலுக்கே வராம 2013ல அதையே ரத்து பண்ணிட்டாங்க. அதிகாரி வந்து நிறுத்தட்டும்னு உக்காந்திருந்தா தண்ணி மொதல்ல நின்னுடும்.

நமக்குச் சட்டம் தெரியாதா என்ன? பங்குக் கெணறு எப்படி ஓட்டுனோம்? எங்க கெணத்துல நாலு பங்கு, மாடு கட்டி எறைக்கற கவலை ஓட்டுன காலத்துல ஆளுக்கு ஒரு பகல் ஒரு ராத்திரி, கரண்டு வந்ததுக்கு அப்பறமும் மோட்டார் ஒண்ணு, முறை நாலு. ஒருத்தன் முறையில இன்னொருத்தன் எறச்சா வெட்டுக் குத்து, பஞ்சாயத்து. தண்ணி கம்மியான வருசம் பெரியவங்க கூடிப் பேசி ஆளுக்கு ஒரு வயல விட்டுருவோம். கெணறு கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதனால முறை வெச்சோம். போரு ஆளுக்கொண்ணா தெரியுது, ஆனா அடியில இருக்கறது ஒரே கெணறு. பங்காளின்னு நமக்குப் பேரு வந்தது எதனாலன்னு நெனைக்கறீங்க?

வேற ஊர்ல செஞ்சிருக்காங்க. மகாராஷ்டிராவுல ஹிவ்ரே பஜார்னு ஒரு கிராமம், நம்மள விட மழை கம்மி. 1989ல பொபட்ராவ் பவார் தலைவரா வந்ததுக்கு அப்பறம் பாசனத்துக்குப் போரே போடறதில்லன்னு ஊரே முடிவு பண்ணி, வெட்டுக் கெணத்துலதான் வெள்ளாமை, வருசா வருசம் மழைய அளந்து தண்ணி பட்ஜெட் போட்டு எந்தப் பயிருன்னு கிராம சபையில பேசறாங்க. கரும்பு, வாழை மாதிரி தண்ணி குடிக்கற பயிர விட்டாங்க. ஆந்திராவுல ஏழு வறட்சி மாவட்டத்துல விவசாயிகளே கயிறும் நோட்டும் வெச்சுக்கிட்டு போர்ல மட்டம் அளந்து, ஐப்பசிக்கு அப்பறம் கூடி, இருப்பு இவ்வளவு, யாரு என்ன போடலாம்னு பேசுன திட்டம் ஒண்ணு 2003 வாக்குல இருந்து நடந்துச்சு. அங்க தடை கூட கெடையாது, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. எவ்வளவு இருக்குதுன்னு தெரிஞ்சதும் அவங்களே நெல்லுக் கொறச்சாங்க.

ஹிவ்ரே பஜார் மாதிரி நம்மளால உடனே முடியும்னு நான் சொல்லல. தென்னைய வெட்டுன்னு யாராவது சொன்னா நானே அடிக்க வருவேன். நான் கேக்கறது இவ்வளவுதான். இந்த ஒரு வருசம் ஊர்ல புதுப் போர் வேண்டாம், குடிதண்ணிக்குத் தவிர. ஆட்டோ ஸ்டார்ட்டர எல்லாரும் கழட்டுவோம், கழட்டறது நான் இலவசமா பண்ணித் தர்றேன், மேவடம் ஒரு நாளு கீழவடம் ஒரு நாளுன்னு முறை வெச்சுக்குவோம், அதுல என்ன கஷ்டம்னாலும் பேசிக்கலாம். குளத்துல இருந்து 500 அடிக்குள்ள இருக்கறவங்க டேங்கருக்கு விக்கறத நிறுத்தணும், இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்கறதா இல்ல, ஊரு தண்ணிய ஒருத்தரு விக்கறதுக்கு அறுபது வருசம் யாரும் உண்ணாவிரதம் இருக்கல. பாழடஞ்ச வெட்டுக் கெணறு பதினேழு இருக்குது ஊர்ல, குப்பை கொட்டறோம், கோழி எறகு கொட்டறோம், அத தூர்வாரி மழைத் தண்ணிய வடிகட்டி உள்ள விடலாம், சிதஞ்ச பாறைக்குள்ள தண்ணி எறங்கறதுக்கு அத விட நல்ல வாசல் கெடையாது. அப்பறம் காஞ்ச போர்களுக்கு மூடி. 2019 தீபாவளியப்ப மணப்பாறை பக்கத்துல அந்தக் குழந்தை விழுந்தப்ப நாலு நாள் டிவி முன்னாடி உக்காந்து அழுதோம், இன்னைக்கும் மேவடத்துல மூணு போர் வாயில சாக்குத்தான் கட்டியிருக்குது.

மாமா, நீங்க டீக்கடையில கேட்டீங்க, "உனக்கு நாலு ஏக்கர், நீ பேசுவ, எனக்குப் பதினஞ்சு ஏக்கர் தென்னை, கடன் எட்டு லட்சம், நான் என்ன பண்ணட்டும்?"னு. எங்கிட்ட அதுக்கு நல்ல பதில் இல்லீங்க. ஆனா அந்த எட்டுல அஞ்சு லட்சம் போருக்கும் மோட்டாருக்கும் போனதுன்னு எந் நோட்டுல இருக்குது, வேணும்னா காட்டறேன். ஒம்பதாவது லட்சத்தயும் ஓட்டைக்குள்ள போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ எங்கூட வந்து நீர்மட்டம் பாருங்கன்னுதான் கேக்கறேன்.

ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வாங்க. 1,000 அடி கயிறு வாங்கி வெச்சிருக்கேன், நுனியில ஈரம் பட்டா பல்பு எரியற மாதிரி ஒயர் கட்டியிருக்கேன். சனிக்கெழம சாயங்காலத்துல இருந்து ஒரு ராத்திரி மட்டும் எல்லாரும் மோட்டார நிறுத்தி வெச்சிருங்க, அப்பத்தான் உண்மையான மட்டம் தெரியும். வர்றவங்க எத்தன பைப் எறக்கியிருக்கீங்கங்கற கணக்கு மட்டும் கொண்டு வாங்க. மொதல்ல எம் போர்ல அளப்போம், அப்பறம் சித்தப்பா போரு, அவருகிட்டக் கேட்டுட்டேன், வர்றேன்னு சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைக்காரன்